மண்ணுக்கடியில் மறையாத கடன்

செய்த பிழை கண்முன் நிற்கும்போது அதனை ஒப்புக்கொள்வதில் பெருஞ்சிறப்பு ஏதுமில்லை. உடைந்த கண்ணாடியின் சில்லுகள் தரையில் கிடக்கையில் உடைத்தவன் மறுத்துப் பேச வழியில்லை. காணும் கண்கள் பல. கேட்கும் வாய்களும் பல. ஆனால், பிழை மண்ணுக்கடியில் நிகழ்ந்து, மண்ணுக்கடியிலேயே பரவி, செய்தவன் ஊரைவிட்டே போன பின்னர் யாரோ ஒருவருடைய குவளையில் வந்து சேருமாயின், அங்கே அறம் என்ன சொல்லும்? கேட்பார் இல்லாத கடன் கடனாகுமா? காண்பார் இல்லாத குற்றம் குற்றமாகுமா?

இவ்வினாக்கள் ஏட்டுச் சுவடிக்குள் அடங்கிக் கிடப்பவை அல்ல. பெட்ரோலும் டீசலும் விமான எரிபொருளும் சேமிக்கப்படும் இடங்களில், கலன் ஒன்று துருப்பிடித்தோ குழாய் ஒன்று விரிசல் கண்டோ கசியும்போதெல்லாம் இவை எழுகின்றன. அறநூல் கற்பிக்கும் ஆசிரியரும் அறிவியல் கற்பிக்கும் ஆசிரியரும் ஒரே மேசையில் அமர்ந்து ஆராயத்தக்க பொருள் இது.

காணாத நீரின் இயல்பு

நிலத்தடி நீர் என்றவுடன் பாதாளத்தில் பாய்ந்தோடும் ஆறு ஒன்றைப் பலர் மனத்தில் எண்ணிக்கொள்கின்றனர். பெரும்பாலான இடங்களில் உண்மை வேறு. மணற்பரல்களுக்கு இடையிலும் பாறைப் பிளவுகளிலும் உள்ள நுண்ணிய இடைவெளிகளை நிரப்பிக்கொண்டு அந்நீர் தங்கியிருக்கிறது. தங்கியிருப்பது போலத் தோன்றியே மெல்ல நகர்கிறது. ஆற்றுநீர் ஒரு நாளில் கடக்கும் தொலைவை நிலத்தடி நீர் கடக்கப் பல்லாண்டுகள் ஆவதும் உண்டு.

2020 செப்டம்பரில் சிலாங்கூர் ஆற்றுப் படுகையில் நாற்றமிக்க கழிவு கலந்தபோது நீர்ச் சுத்திகரிப்பு நிலையங்கள் மூடப்பட்டன. பல இலட்சம் வீடுகளில் குழாய்கள் வறண்டன. அத்துன்பம் பெரிது. எனினும் நாற்றம் உடனே காட்டிக்கொடுத்தது. ஓடும் நீர் சில நாட்களில் கழிவைத் தள்ளிக்கொண்டு போயிற்று. நிலத்தடி நீருக்கு இவ்விரு நலன்களும் இல்லை. அது விரைவில் காட்டிக்கொடுப்பதில்லை. விரைவில் தூய்மை பெறுவதுமில்லை.

கசிந்த எரிபொருள் முதலில் மண்ணினூடே கீழ்நோக்கி இறங்குகிறது. இறங்கும் வழியிலேயே ஒரு பகுதி மண்ணின் நுண்துளைகளில் சிக்கிக்கொள்கிறது. எஞ்சியது நீர்மட்டத்தை எட்டுகிறது. நீரைவிட இலேசானது ஆகையால் அதன்மேல் மிதந்து பரவுகிறது. மழைக்காலத்தில் நீர்மட்டம் உயரும், வறட்சியில் தாழும். அதனுடன் எண்ணெயும் ஏறி இறங்கி, மண்ணடுக்குகளில் பூசினாற்போல் படிந்துவிடுகிறது. மிதக்கும் எண்ணெயிலிருந்து பென்சீன், டொலுவீன் போன்ற பொருள்கள் சிறிது சிறிதாக நீரில் கரைந்து, நீரோட்டம் செல்லும் திசையில் நீண்ட வால்போல் பரவுகின்றன.

இவற்றுள் பெட்ரோலில் உள்ள பென்சீன் கொடியது. குருதிப் புற்றுநோயை விளைவிக்கக்கூடியது. குடிநீர் ஒரு லிட்டரில் 5 மைக்ரோ கிராமுக்கு மேல் அது இருத்தலாகாது என்பது அமெரிக்க நாட்டு விதி. உலகச் சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு அளவு 10 மைக்ரோ கிராம். கணக்கிட்டுப் பார்த்தால் இவ்வளவின் நுட்பம் விளங்கும். ஒரே ஒரு கிராம் பென்சீன், 2,00,000 லிட்டர் நீரை அமெரிக்க விதியின் எல்லைவரை கொண்டுசெல்லப் போதுமானது. சிறு பிழை, பெருங்கேடு என்பதற்கு இதனினும் தெளிவான கணக்கு வேண்டுவதில்லை.

செங்குன்றின் கதை

பசிபிக் பெருங்கடலின் நடுவே ஹவாய்த் தீவுக்கூட்டத்தில் ஓவாஹு என்னும் தீவு உள்ளது. அதன் தலைநகராகிய ஹொனலூலூவுக்கு அருகில் ரெட் ஹில், அதாவது செங்குன்று, எனப்படும் எரிமலைப் பாறை மேடு ஒன்று உண்டு. பேர்ல் ஹார்பர் துறைமுகத்தில் நிலத்தின்மேல் நின்ற எண்ணெய்க் கலன்கள் வான்தாக்குதலுக்கு எளிதில் இரையாகும் என்று அஞ்சிய அமெரிக்கக் கடற்படை, 1940இல் இம்மேட்டைக் குடையத் தொடங்கியது. 1943இல் பணி முடிந்தது. பாறைக்குள் 20 கலன்கள். ஒவ்வொன்றும் ஏறத்தாழ 250 அடி உயரமும் 100 அடி விட்டமும் கொண்டது. ஒவ்வொன்றும் 1 கோடியே 25 இலட்சம் கேலன் கொள்ளக்கூடியது. 1995இல் அமெரிக்கக் கட்டடப் பொறியாளர் சங்கம் அதனை வரலாற்றுச் சிறப்புமிக்க பொறியியற் சின்னமாக அறிவித்தது. அப்பெருமை பொருத்தமானதே.

ஆனால், அக்கலன்களின் அடிக்கும் அத்தீவு மக்கள் பருகும் நிலத்தடி நீருக்கும் இடையே இருந்தது சுமார் 100 அடிப் பாறை மட்டுமே. ஹவாய் மொழியில் நீருக்கு 'வாய்' என்று பெயர். அச்சொல்லை இரட்டித்து 'வாய்வாய்' என்றால் செல்வம் என்று பொருள். நீரையே செல்வமாகக் கண்ட ஒரு மொழியின் மண்ணில், அந்நீரின் தலைக்குமேல் எண்ணெய்ப் பெருங்கலன்கள் தொங்கின.

2014 சனவரியில் ஐந்தாம் கலனிலிருந்து ஏறத்தாழ 27,000 கேலன் விமான எரிபொருள் கசிந்தது. பழுதுபார்த்து மீண்டும் பயன்பாட்டுக்கு விடப்பட்ட கலன் அது. பற்றவைப்பில் குறை இருந்தது. 2015இல் கடற்படைக்கும் அரசுத் துறைகளுக்கும் இடையே ஓர் உடன்பாடு ஏற்பட்டது. கலன்களைச் சீர்திருத்த இருபதாண்டுக்கும் மேலான அவகாசம் அதில் இடம்பெற்றது. ஹொனலூலூ நீர் வாரியத்தின் தலைமைப் பொறியாளர் எர்னி லாவ், இது நீருக்குப் பாதுகாப்பன்று என்று ஆண்டுக்கணக்கில் எச்சரித்து வந்தார்.

2021 மே 6ஆம் நாள் எரிபொருளை ஒரு கலனுக்கு மாற்றுகையில் பணியாளர் செய்த தவற்றால் குழாயில் அழுத்தம் மிகுந்து இணைப்புகள் விட்டன. ஏறத்தாழ 20,000 கேலன் எண்ணெய் வெளியேறியது. அதில் மிகச் சிறு பகுதியே சிந்தியதாகவும், சிந்தியதும் பெரும்பாலும் அள்ளப்பட்டுவிட்டதாகவும் அன்று கருதப்பட்டது. உண்மையில் பெரும்பகுதி தீயணைப்பு அமைப்பின் கழிவுக் குழாய்க்குள் புகுந்து அங்கேயே தங்கிவிட்டது. கலன்களின் அளவைக் கணக்கு வேறுபாடு காட்டத்தான் செய்தது. அவ்வேறுபாட்டின் பொருள் என்னவென்று இறுதிவரை தேடியவர் எவருமில்லை. ஆறு மாதங்களுக்கும் மேலாக அந்த எண்ணெய் நெகிழிக் குழாய் ஒன்றில் கனத்துக் கிடந்தது.

2021 நவம்பர் 20ஆம் நாள், சுரங்கப் பாதையில் சென்ற வண்டி ஒன்று அக்குழாயின் அடைப்பிதழில் மோதியது. எண்ணெய் பீறிட்டுப் பாய்ந்து, குடிநீர்க் கிணற்றை எட்டியது. அக்கிணற்றை நம்பியிருந்த கடற்படை நீர்வழங்கு அமைப்பில் ஏறத்தாழ 93,000 பேர் இருந்தனர். நவம்பர் இறுதியில் குழாய்நீரில் எண்ணெய் நாற்றம் வீசுவதாகவும் நீரின்மேல் பளபளப்பு மிதப்பதாகவும் வீடுகளிலிருந்து முறையீடுகள் எழுந்தன. குழந்தைகளுக்கு வாந்தி, பெரியோர்க்குத் தலைவலி, பலருக்குத் தோலில் தடிப்பு. தொடக்கத்தில் தளத்தின் தலைவர், நீர் பாதுகாப்பற்றது என்பதற்கு உடனடி அறிகுறி ஏதுமில்லை என்றும், தாமும் தம் பணியாளரும் அந்நீரையே பருகுவதாகவும் அறிவித்தார். பின்னர் அதற்காக மன்னிப்புக் கோரினார். ஆயிரக்கணக்கான குடும்பங்கள் வீடுகளை விட்டு விடுதிகளில் தங்க நேர்ந்தது.

2022 மார்ச் 7ஆம் நாள் அக்கலன்களை நிலையாக மூடுவதாகப் பாதுகாப்பு அமைச்சர் லாய்ட் ஆஸ்டின் அறிவித்தார். 2023 அக்டோபரில் தொடங்கி 2024 மார்ச்சுக்குள் ஏறத்தாழ 10 கோடியே 40 இலட்சம் கேலன் எரிபொருள் வெளியேற்றப்பட்டது. ஆயினும் கதை முடிந்தபாடில்லை. கலன்களைத் துப்புரவு செய்யும் பணியும் நிலத்தடி நீரைக் கண்காணிக்கும் பணியும் அதன் பின்னரும் தொடர்ந்தன.

உண்மையைத் தேடும் ஒழுக்கம்

கண்ணுக்குத் தெரியாத கேட்டை அறிவது எங்ஙனம்? இதற்கென அமைக்கப்படுபவையே கண்காணிப்புக் கிணறுகள். அவை நீர் பருகுவதற்கானவை அல்ல. மண்ணின் வாய்மொழியைக் கேட்பதற்கானவை. எண்ணெய்த் தளத்தைச் சுற்றி, நீரோட்டத்தின் மேற்புறத்தில் ஒன்றிரண்டும் கீழ்ப்புறத்தில் பலவுமாகக் குறுகிய துளைகளை இறக்குவர். மேற்புறக் கிணறு, இத்தளத்திற்கு வருமுன் நீர் எவ்வாறிருந்தது என்பதைக் கூறும். கீழ்ப்புறக் கிணறுகள், இத்தளத்தைக் கடந்தபின் அது என்னவாயிற்று என்பதைக் கூறும்.

அக்கிணறுகளிலிருந்து நீர் எடுக்கும் முறையில் ஓர் ஒழுக்கநூலே அடங்கியிருக்கிறது எனலாம். முதலில் மொள்ளும் நீரை ஆய்வுக்கு எடுத்துக்கொள்வதில்லை. அது துளைக்குள் நெடுநாள் தேங்கிய நீர். மண்ணடுக்கின் இன்றைய நிலையைச் சொல்லாது. ஆகவே நீரின் வெப்பமும் அமிலத்தன்மையும் ஒரு நிலைக்கு வரும்வரை இறைத்துவிட்டே மாதிரி எடுக்கின்றனர். முதலில் கிடைக்கும் விடையை உண்மையெனக் கொள்ளாத பொறுமை இங்கே விதியாகவே வகுக்கப்பட்டுள்ளது.

அடுத்து, மாதிரியைச் சிறு கண்ணாடிக் குப்பியில் விளிம்புவரை நிரப்பி, காற்றுக் குமிழி ஒன்றுகூட இல்லாதவாறு மூடுகின்றனர். பென்சீன் எளிதில் ஆவியாகும் பொருள். குமிழி இருந்தால் அது அக்காற்றில் கலந்து, நீர் தூய்மையானது போலப் பொய்ச்சான்று கூறிவிடும். பின்னர்க் குப்பியைப் பனிக்கட்டியில் வைத்து ஆய்வுக்கூடத்துக்கு அனுப்புகின்றனர். யார் எடுத்தார், யார் கொண்டுசென்றார், யார் பெற்றார், எந்நேரத்தில் என்பவற்றை ஒவ்வொருவரும் கையொப்பமிட்டுப் பதிகின்றனர். ஒரு கையொப்பம் விடுபட்டாலும் அம்மாதிரி ஐயத்துக்குரியதாகிவிடும்.

இவை யாவற்றினும் எண்ணத்தக்கது மற்றொன்று. மாசற்ற நீரை நிரப்பிய குப்பி ஒன்றும் மற்றக் குப்பிகளுடன் பயணம் செய்கிறது. அதில் மாசு காணப்படின், குற்றம் நிலத்தினுடையதன்று. எடுத்துச் சென்றவரின் கையினுடையது என்று தெரியும். பிறரைச் சோதிக்கப் புறப்பட்டவன் தன்னையும் சோதனைக்கு உட்படுத்திக்கொள்ளும் அரிய முறை இது. மாணவரின் விடைத்தாளைத் திருத்துமுன் தன் வினாத்தாளில் பிழை உண்டா என்று பார்க்கும் ஆசிரியரின் நேர்மையும் இவ்வினத்தைச் சேர்ந்ததே.

இத்தனை முறைகளும் இருந்தும் செங்குன்றில் நிகழ்ந்தது என்ன? அளவைக் கணக்கு கூறிய உண்மை கேட்பாரற்றுப் போயிற்று. அங்கே கருவி இருந்தது, எண் இருந்தது. அவ்வெண் எதனைச் சொல்கிறது என்று கேட்கும் மனம் இல்லாமற் போயிற்று. அறியாமை இருவகைப்படும். அறிய வழியின்றி அறியாதிருத்தல் ஒன்று. அறிந்தால் பொறுப்பு வந்துசேரும் என்று அறியாதிருத்தல் மற்றொன்று. முன்னதை உலகம் மன்னிக்கும். பின்னது, அறியாமையின் ஆடையை உடுத்திய பொய்யேயாகும். இவ்விரண்டுக்கும் இடையில், கேட்க வேண்டிய வினாவைக் கேட்கச் சோம்பும் நிலை ஒன்றுண்டு. பெருங்கேடுகள் பலவும் அந்த நடுநிலத்தில்தான் முளைக்கின்றன.

தூய்மை செய்தலும் அதன் எல்லையும்

கெட்ட நீரைத் தூய்மை செய்ய வழிகள் பல உள. மிதக்கும் எண்ணெயை இறைத்தெடுக்கலாம். மண்ணிடுக்கில் தங்கிய ஆவியை உறிஞ்சு பொறியால் இழுக்கலாம். நீருக்கடியில் காற்றைச் செலுத்தி, கரைந்தவற்றை ஆவியாக வெளியேற்றலாம். நீரை மேலே இறைத்து, கரித்துகள் நிரம்பிய கலன்களின் வழியே செலுத்தி வடிகட்டலாம். செங்குன்றில் கெட்ட கிணற்று நீரை நாளொன்றுக்கு 50 இலட்சம் கேலன் வரை இவ்வாறு இறைத்து வடிகட்டினர்.

ஆனால், தூய்மைப் பணியின் வரலாறு மனிதனுக்குப் பணிவைக் கற்பிக்கிறது. அமெரிக்காவின் தேசிய ஆய்வு மன்றம் 1994இல் வெளியிட்ட அறிக்கை ஒன்று, இறைத்து வடிகட்டும் முறை கையாளப்பட்ட 77 இடங்களை ஆராய்ந்தது. அவற்றுள் 69 இடங்களில் குறித்த தூய்மை அளவு எட்டப்படவில்லை. எண்ணெயும் பிற வேதிப் பொருள்களும் மண்ணின் நுண்துளைகளிலும் களிமண் அடுக்குகளிலும் ஒளிந்துகொண்டு, மெல்ல மெல்லக் கசிந்துகொண்டே இருப்பது இதற்கு ஒரு பெருங்காரணம். இறைக்கும்போது மாசின் அளவு வேகமாகக் குறையும். பின்னர் ஓர் அளவில் நின்றுவிடும். பொறியை நிறுத்திச் சில திங்கள் கழித்துப் பார்த்தால், குறைந்த அளவு மீண்டும் ஏறியிருக்கும்.

இவ்வுண்மை அறநெறிக்கு ஆழ்ந்த பொருள் தருகிறது. தவறு செய்தவன் திருந்திவிட்டான் என்பதற்கு முதல் வாரத்து நன்னடத்தை சான்றாகாது. பிறர் கண்காணிப்பு நீங்கிய பின்னர் அவன் எவ்வாறு நடக்கிறான் என்பதே சான்று. நிலத்துக்கும் அதே அளவுகோல் பொருந்துகிறது. பொறி ஓடும்போது கிடைக்கும் தூய்மையைக் கொண்டு பணி முடிந்ததென முழங்குதல் கூடாது. பொறி நின்ற பின்னும் பருவம்தோறும் சென்று நீர் எடுத்துப் பார்க்கும் பொறுமையே தூய்மைப் பணியின் கடைசிப் பகுதி. அதற்கு விழா இல்லை, மாலை இல்லை, செய்தித்தாளில் இடமும் இல்லை.

இயற்கை செய்யும் உதவி

ஈண்டு ஒரு தடை எழுப்பப்படலாம். மனிதன் இவ்வளவு பாடுபட வேண்டுமா? இயற்கையே தன்னைத் தூய்மை செய்துகொள்ளாதா?

இத்தடை முற்றிலும் பொருளற்றதன்று. அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில் பெமிஜி என்னும் ஊருக்கு அருகில் 1979 ஆகஸ்டு 20ஆம் நாள் கச்சா எண்ணெய்க் குழாய் ஒன்று வெடித்தது. ஏறத்தாழ 17 இலட்சம் லிட்டர் எண்ணெய் கொட்டியது. பெரும்பகுதி அகற்றப்பட்டது; சுமார் 4 இலட்சம் லிட்டர் மண்ணுக்குள் இறங்கிவிட்டது. 1983 முதல் அமெரிக்க நிலவியல் ஆய்வுத் துறையும் பல்கலைக்கழகங்களும் அவ்விடத்தை நீண்டகால ஆய்வுக்களமாகக் கொண்டன. அங்கே அறிஞர் கண்டது வியப்புக்குரியது. மண்ணில் இயல்பாக வாழும் நுண்ணுயிர்கள் எண்ணெயைச் சிதைத்து வந்தன. காற்று உள்ள இடத்தில் உயிர்வளியைக் கொண்டும், அஃது இல்லாத இடத்தில் மண்ணிலுள்ள இரும்பு முதலியவற்றைக் கொண்டும் அவை அவ்வேலையைச் செய்தன. நிலத்தடி நீர் நகரும் வேகத்தை நோக்க, பென்சீன் முதலியவை பரவியிருக்க வேண்டிய தொலைவுக்குப் பரவவில்லை. வாலின் நுனியை நுண்ணுயிர்கள் தின்றுகொண்டே இருந்தன.

இவ்வாய்வுகளின் பயனாக, கண்காணிப்புடன் இயற்கையிடம் விடுதல் என்பது ஏற்கத்தக்க தூய்மை முறைகளுள் ஒன்றாயிற்று. ஆனால், அப்பெயரில் உள்ள 'கண்காணிப்புடன்' என்னும் சொல்லை மறத்தல் ஆகாது. நாற்பதாண்டுகளைக் கடந்தும் பெமிஜியின் மண்ணில் எண்ணெய் எஞ்சியே இருந்தது. நுண்ணுயிர்கள் எண்ணெயைச் சிதைக்கும்போது தோன்றும் இடைப்பொருள்கள், எண்ணெய்ப் பொருள்களைவிடத் தொலைவு பரவுவதும் பின்னாளில் கண்டறியப்பட்டது. கண்காணித்தமையால் அன்றோ இதுவும் தெரியவந்தது!

ஆகவே வேறுபாடு தெளிவாகிறது. விதைத்தபின் உழவன் காத்திருக்கிறான். பொருளைத் தொலைத்தவனும் ஒருநாள் கிடைக்கும் என்று காத்திருக்கிறான். உழவன் நாள்தோறும் வரப்பில் நடக்கிறான். பூச்சி கண்டால் செயற்படுகிறான். மற்றவன் மறந்துவிட்டதையே பொறுமை என்று பெயரிட்டுக்கொள்கிறான். இயற்கையிடம் விடுதல் அறமா, கைகழுவுதலா என்பது, விட்டவன் திரும்பத் திரும்ப வந்து பார்க்கிறானா என்பதைப் பொறுத்தது.

மூன்று தடைகள்

இப்பொருள் பற்றி உலகியலறிந்தோர் எழுப்பும் தடைகள் மூன்று. அவற்றை எளிதாக ஒதுக்கிவிடலாகாது.

முதலாவது, தேவை பற்றியது. செங்குன்றின் கலன்கள் ஒரு நாட்டின் பாதுகாப்பைக் கருதிக் கட்டப்பட்டவை. போர்க்காலத்தில் எரிபொருளின்றிக் கப்பலும் இல்லை, விமானமும் இல்லை. இது மெய்யே. ஆனால், பாதுகாப்பு என்பது யாரைக் காப்பது? மக்களைக் காக்கவென்று எழுந்த ஒன்று, அம்மக்கள் பருகும் நீரைக் கெடுக்குமாயின், அது தன் நோக்கத்தைத் தானே மறுத்ததாகிறது. மேலும், தேவை என்னும் சொல் 1940இல் ஒரு செயலுக்குக் காரணமாகலாம். எழுபதாண்டுகளுக்குப் பின்னரும் அச்செயலை மீளாய்வு செய்யாமைக்கு அது காரணமாகாது.

இரண்டாவது, செய்தவர் பற்றியது. கலனைக் கட்டியவர் மறைந்தனர். பற்றவைத்தவர் வேறு, அடைப்பிதழைத் திறந்தவர் வேறு, அறிக்கை எழுதியவர் வேறு. இவர்களுள் யாரைக் குற்றவாளி என்பது? பலர் கூடிச் செய்த பிழை எவருடைய பிழையும் ஆகாமல் காற்றில் கரைவது இக்காலப் பெருநிறுவனங்களின் இயல்பு. இதற்கு விடை, குற்றத்தையும் கடனையும் பிரித்துப் பார்ப்பதில் உள்ளது. தந்தை வாங்கிய கடனுக்கு மகன் குற்றவாளி ஆகான். ஆயினும் தந்தையின் தோட்டத்தை ஏற்றுக்கொண்டவன் அத்தோட்டத்தின்மேல் உள்ள கடனையும் ஏற்றுக்கொண்டவனே ஆவான். தளத்தின் பயனை நுகரும் நிறுவனம் அதன் அடியிலுள்ள மாசையும் தன்னுடையது என்று ஏற்பது இம்முறையால் கடமையாகிறது.

செங்குன்றில் துன்புற்ற குடும்பங்கள் தொடுத்த வழக்கில், 2023இல் அமெரிக்க அரசு தன் கவனக்குறைவை ஒப்புக்கொண்டது. ஆனால், மக்கள் கூறிய நோய்கள் அந்நீரால் விளைந்தவைதாமா என்பதில் மாறுபட்டு நின்றது. 2025இல் நீதிமன்றம், முதலில் விசாரிக்கப்பட்ட 17 பேருக்கு இழப்பீடு வழங்கியது. அத்தொகை அவர்கள் கேட்டதினும் மிகக் குறைவு. பிழை என்னுடையது, ஆனால் துன்பம் உன்னுடையதா என்பது ஐயம் என்று கூறும் இந்நிலை சட்டத்தில் இயல்பானது. சட்டம் மெய்ப்பிக்கக் கூடியதை மட்டுமே எடைபோடும். நச்சுநீர் பருகிய தாய் தன் குழந்தை இருமும்போதெல்லாம் கொள்ளும் அச்சத்தை எந்தத் தராசு எடைபோடும்? சட்டத்தின் கடன் தீரும் இடத்துக்கு அப்பாலும் அறத்தின் கடன் நீளுகிறது என்பதற்கு அவ்வச்சமே சான்று.

மூன்றாவது, செலவு பற்றியது. கடைசித் துளி மாசையும் நீக்க வேண்டும் என்றால் பொருட்செலவு எல்லையின்றிப் பெருகும். அப்பொருளைக் கொண்டு பள்ளி கட்டலாம், மருத்துவமனை கட்டலாம். இத்தடையில் நேர்மை உண்டு. ஓரளவுக்குமேல் தூய்மை செய்ய இயலாத இடங்கள் உள என்பதை முற்கூறிய அறிக்கையே காட்டியது. எனவே, முழுத் தூய்மை கட்டாயக் கடமை என்று முழங்குவது இயலாததைக் கட்டளையிடுவதாகும். இயலாததை அறம் கேட்பதில்லை. ஆனால், இயலாமையை அறிவிக்குமாறு அது கேட்கிறது. இவ்வளவு நீக்கினோம், இவ்வளவு எஞ்சியுள்ளது, இந்நீரைப் பருகாதீர், இத்தனை ஆண்டுகள் பார்த்துவருவோம் என்று ஊரறியச் சொல்லும் நிறுவனம் தன் கடமையில் பெரும்பகுதியைச் செய்ததாகும். எஞ்சியதை மறைத்து, நிலத்தை நன்னிலம் என்று விற்பவன், எத்தனை கோடி செலவிட்டிருந்தாலும் கடமையில் தவறியவனே.

மூடப்பட்ட தூய கிணறு

செங்குன்று நிகழ்ச்சியில் பேசப்படாத ஒரு செயல் உண்டு. கடற்படைக் கிணறு கெட்டது என்று தெரிந்தவுடன், 2021 டிசம்பர்த் தொடக்கத்தில் ஹொனலூலூ நீர் வாரியம் அருகிலிருந்த தன் ஹலாவா நீர்ச்சுரங்கத்தை மூடியது. அந்நீரில் அன்று எண்ணெய் இல்லை. நகரின் குடிநீரில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு அதிலிருந்தே கிடைத்தது. எனினும், தொடர்ந்து இறைத்தால் மாசுற்ற நீரைத் தன்பால் இழுத்துவிடக் கூடும் என்று அஞ்சி வாரியம் அதனை நிறுத்தியது. தட்டுப்பாடு வரும் என்று தெரிந்தே செய்த செயல் அது. 2022இல் மக்களை நீர்ச் சிக்கனம் செய்யுமாறு கேட்கவும் நேர்ந்தது.

இச்செயலின் சிறப்பு யாது? கேடு வந்தபின் கைபிசைவது எளிது. கேடு வருமுன், மெய்ப்பிக்கப்படாத ஓர் ஐயத்துக்காக, தன்னிடம் உள்ள நன்மையைத் தானே துறப்பது அரிது. அந்தக் கிணறு கெட்டிருந்தால் வாரியத்தின் அறிவைப் பலரும் புகழ்வர். கெடாமலே போயின் இத்தனை அச்சம் எதற்கு என்று சிலர் நகைப்பர். முன்காப்பு என்னும் அறத்தின் துயரமே இதுதான். வெற்றி பெற்ற முன்காப்புக்குச் சான்று இல்லை. நிகழாத கேட்டைக் காட்டிப் பெருமை கொள்ள ஒருவராலும் இயலாது.

திருக்குறளில் கடவுள் வாழ்த்தை அடுத்து வான்சிறப்பு வைக்கப்பட்டிருப்பதைத் தமிழ் மாணவர் யாவரும் அறிவர். மழைக்கு அவ்விடம் அளித்த மரபில் வந்தோர், அம்மழை மண்ணுக்குள் இறங்கிய பின் அதனை மறந்துவிடுதல் தகாது. கண்ணுக்குத் தெரியும் மழைக்குக் கைகூப்புவது எளிது. கண்ணுக்குத் தெரியாத நீருக்குக் காவல் நிற்பதில்தான் அவ்வணக்கம் மெய்யாகிறது.

தொடக்கத்தில் எழுந்த வினாக்களுக்கு இனி விடை கூறலாம். கேட்பார் இல்லாத கடனும் கடனே, ஏனெனில், நாளை பருகப்போகும் குழந்தைக்கு இன்று கேட்கும் வாய் இல்லை என்பது கொடுக்க வேண்டியவனின் கடமையைக் குறைப்பதில்லை, மிகுவிக்கிறது. காண்பார் இல்லாத குற்றமும் குற்றமே. ஏனெனில், மண் அதனைக் கண்டிருக்கிறது, நீர் அதனைச் சுமந்து வருகிறது. முழுதும் தீர்க்க இயலாத கடன் இஃது. ஆகையால் அதனை வாங்காதிருக்க முதலிலேயே விழிப்பாயிருத்தலும், வாங்கிவிட்டால் மறைக்காமல் உரைத்தலும், உரைத்தபின் அகலாமல் உடனிருந்து பார்த்துவருதலும் மனிதனுக்குரிய வழிகள்.

பருவந்தோறும் தனியே ஒரு கண்காணிப்புக் கிணற்றருகே மண்டியிட்டு, தேங்கிய நீரை இறைத்துக் கொட்டி, குமிழியில்லாமல் குப்பியை மூடி, நேரத்தைக் குறித்துக் கையொப்பமிடும் பணியாளரை ஊரார் எவரும் அறியார். அவர் பொய்யாக ஓர் எண்ணை எழுதினாலும் அன்று எவருக்கும் தெரியாது. தெரியாத இடத்தில் அவர் மெய்யையே எழுதுகிறார். அந்த ஒரு கையொப்பத்தின் மேல்தான் ஓர் ஊரின் குவளை நீர் நிற்கிறது.